திருப்பிக் கொடுப்பதா? திருத்திக் கொள்வதா?



பழைய கார் ஒன்றை வாங்கி, வாங்கிய ஐந்தாம் நாள் அதன் குறையைக் கண்டறிந்து, அதனைத் திருப்பிக் கொடுப்பதா அல்லது செலவு செய்து திருத்தி வைத்துக் கொள்வதா எனத் தெரியாமல் ஓரிரவு முழுவதும் புரண்டு படுத்த ஒருவனின் அனுபவம் இது. கார் வாங்கும் வசதி நமக்கேது என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பழைய தையல் இயந்திரம் வாங்கினாலும், பால் மாடு வாங்கினாலும் இந்தக் கேள்வி உங்கள் வாசலிலும் ஒருநாள் வந்து நிற்கக்கூடும்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் ஊரில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நீங்கள் செய்திகளில் படித்திருப்பீர்கள். ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழை இரண்டு பொழுதுகளில் பெய்தது. தெருவில் நின்றிருந்த எங்கள் பழைய கார் ஸ்டியரிங் மறையும் அளவுக்கு நீரில் மூழ்கிற்று. மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே எடுத்திருந்தேன். அந்தக் காப்பீடு நம் வண்டி பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்குத்தான் பணம் தரும். நம் வண்டி வெள்ளத்தில் போனால் சல்லிக்காசு தராது. எனக்கும் அது மூழ்கிய பிறகுதான் விளங்கியது.

ஜனவரியில் வெளியூர் வியாபாரி ஒருவர் தெருத் தெருவாக வந்து இத்தகைய வண்டிகளை விலை பேசினார். 52,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டேன். வண்டி வேறொரு வண்டியால் கட்டி இழுத்துச் செல்லப்பட்டது. அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதை இங்கே குறித்து வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருகிறேன்.

எங்கள் ஊர் வழக்கம் வெளியூர் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். திருமணமான ஆண் மனைவியின் வீட்டில் வாழ்வான். தாயின் வீடு மகளுக்குரியது. என் உம்மா என் லாத்தாவின் பராமரிப்பில், நான் பிறந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். இரு சிறுநீரகங்களும் செயலிழந்து, செவ்வாயும் சனியும் தூத்துக்குடிக்குச் சென்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்து கொள்ள வேண்டிய நிலை. உண்பது, உடுத்துவது, இரவில் எழுந்து பார்ப்பது எல்லாம் லாத்தாவின் பொறுப்பு. அழைத்துச் சென்று அழைத்து வருவது ஒன்றுதான் என்னுடையது. சொந்த வண்டி போன பின் வாடகை வண்டிக்குக் காத்திருப்புக் கட்டணத்துடன் ஒரு பயணத்துக்கு 1,600 ரூபாய் ஆனது. மாதம் ஏறத்தாழ 13,000 ரூபாய். சுத்திகரிப்பு முடிந்து தளர்ந்து வரும் உம்மா, ஓட்டுநர் தேநீர் அருந்தச் சென்ற இடத்திலிருந்து திரும்பும் வரை மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்திருந்த நாள்களும் உண்டு.

என் மனைவி ஒருநாள் மூன்றரைப் பவுன் வளையல்களைக் கழற்றி என் முன் வைத்தாள். விற்றதில் 1,85,000 ரூபாய் கிடைத்தது. என் கையிருப்பு 1,30,000 ரூபாயையும் சேர்த்து, 2024 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் பழைய கார் வியாபாரி ஒருவரிடம் 3,15,000 ரூபாய்க்குச் சிறிய ரகப் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். வியாபாரி நம்மவரா, பிறரா என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. அதை அறிந்து உங்களுக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை.

வண்டி சென்னையில் பதிவானது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்தது என் நினைவில் இருந்தது. ஆகையால் என் மச்சானை அருகில் வைத்துக் கொண்டு நேரடியாகவே கேட்டேன்: "இது வெள்ளத்தில் நின்ற வண்டியா?" அவர் சற்றும் தயங்கவில்லை. "பாய், இது மூன்றாவது மாடிப் பார்க்கிங்கில் நின்ற வண்டி. அங்கே வெள்ளம் வர வேண்டுமென்றால் சென்னையே இருந்திருக்காது" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். சிரிக்க வைக்கும் வியாபாரியிடம் சந்தேகம் கேட்க மனம் வருவதில்லை. வண்டி உள்ளும் புறமும் மின்னியது. மல்லிகை வாசம் கமழ்ந்தது. விற்பனைத் தாளின் அடியில் "உள்ளது உள்ளபடி" என்று பொடி எழுத்தில் இருந்ததை நான் படித்தேன். அது எல்லாத் தாளிலும் இருக்கும் வாசகம் என்று கையெழுத்திட்டேன்.

குறையை முதலில் கண்டறிந்தது மெக்கானிக் அல்லர், என் உம்மா. செவ்வாய்க்கிழமை முதன்முதலாக அந்த வண்டியில் ஏறியவர்கள், பாதி வழியில், "வாப்பா, தூர் வாராத கிணற்று வாடை வருகிறதே" என்றார்கள். வாசனைப் புட்டியின் நெடி ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கினேன். நேர்மையாகச் சொல்வதானால், அந்த வாடை எனக்கும் தெரிந்தது. தெரியாத வாடையும் அன்று. வெள்ளம் வடிந்த பின் இரண்டு மாதம் எங்கள் வீட்டு அறைகளில் வீசிய வாடை அது. மூன்று லட்சம் கொடுத்த பொருளில் அந்த வாடை இருக்காது என்று என் மூக்குக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டிருந்தேன்.

புதன் இரவு, பூட்டி நின்ற வண்டியில் துடைப்பான்கள் தாமாக ஆடின. வியாழன் காலை இடப்பக்கக் கண்ணாடி இறங்கிற்று, ஏற மறுத்தது. ஏர்பேக் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவில்லை. அஸருக்குப் பின் ஆறுமுகநேரியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டு சென்றேன். அவர் என்ஜின் மூடியைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டை அதன் கடைசி அங்குலம் வரை இழுத்தார். நாம் அன்றாடம் இழுப்பது பாதிப் பட்டைதான். சுருளுக்குள்ளேயே கிடக்கும் மீதிப் பட்டையில், செம்மண் நிறத்தில், கோடு போட்டாற்போல் ஒரு கறை இருந்தது. அடுத்து ஸ்டெப்னி சக்கரத்தைத் தூக்கினார். அதன் குழியின் மூலையில் விரலால் வழித்தெடுத்தார்; மாவு போன்ற வண்டல். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகள் துருவேறியிருந்தன. டாஷ்போர்டின் அடியில் படுத்தபடி ஒயரிங் கனெக்டர் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். அதன் செப்புக் கம்பிகள் பாசி பிடித்தாற்போல் பச்சையாக இருந்தன.

"பாய், இருக்கை வரைக்கும் தண்ணீர் நின்றிருக்கிறது" என்றார்.

அவரிடம் நான் கேட்ட கேள்வி, திருத்த எவ்வளவு ஆகும் என்பது. அவர் தந்த பதிலை, பழைய வண்டி வாங்கும் ஒவ்வொருவரும் கேட்டிருக்க வேண்டும் என்பதால் கூடியவரை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "கிளட்ச் போயிற்று என்றால் விலை சொல்வேன், மாற்றுவேன், அடுத்த ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு அதை நீங்கள் மறந்துவிடலாம். கேஸ்கெட் போனாலும் அப்படித்தான், சஸ்பென்ஷனும் அப்படித்தான். அவையெல்லாம் முடிவு தெரிந்த பழுதுகள். இது முடிவு தெரியாத பழுது. இன்று இந்தக் கனெக்டரைச் சுத்தம் செய்வேன். அடுத்த மாதம் வேறொன்று பச்சை பிடிக்கும். ஒயரிங்கை முழுவதும் மாற்றி, கம்ப்யூட்டர் பெட்டியையும் ஏர்பேக் பெட்டியையும் மாற்றினால் 95,000 ரூபாய் ஆகும். அதன் பிறகும் எழுதிக் கொடு என்றால் எழுதிக் கொடுக்க மாட்டேன்." சற்று நிறுத்திவிட்டு, "ஏர்பேக்கை இயக்கும் பெட்டி இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் தரையோடு தரையாக இருக்கிறது. முதலில் நனைந்தது அதுதான். அது விரிய வேண்டிய நேரத்தில் விரியுமா என்பதை மோதிப் பார்த்துத்தான் அறிய வேண்டும்" என்றார். பரிசோதனைக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

மஃரிபுக்குப் பின் உம்மா வீட்டுக்குச் சென்று விவரத்தைச் சொன்னேன். லாத்தாவின் முகம் மாறியது. "சனிக்கிழமைக்கு என்ன செய்யப் போகிறாய் தம்பி? கண்ணாடி ஏறாவிட்டால் என்ன, துடைப்பான் ஆடினால் என்ன, வண்டி ஓடுகிறதல்லவா? இன்னொரு வண்டி நீ வாங்கி முடிக்க எத்தனை மாதமாகும்? அதுவரை உம்மா திண்ணையில் உட்கார வேண்டுமா?" என்றார்கள். இரவுகளில் விழித்திருப்பவர் கேட்கும் கேள்விக்கு, இரவில் உறங்குபவன் என்ன பதில் சொல்வது? பிறகு பேச்சுவாக்கில், "ஓட்டும் வரை ஓட்டிவிட்டு நாமும் யாருக்காவது தள்ளிவிட்டால் போகிறது" என்றும் சொன்னார்கள். சொன்ன மாத்திரத்தில் தம் வாயைத் தாமே பொத்திக் கொண்டார்கள்.

இஷா தொழுகைக்குப் பின் எங்கள் ஹஜ்ரத் அவர்களைச் சந்தித்தேன். வியாபாரத்தில் குறை காணப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைப் பற்றி மார்க்கச் சட்ட நூல்களில் ஒரு தனிப் பகுதியே உள்ளது என்பதை அறிவேன். அதில் என்ன இருக்கிறது என்பதை அறியேன். ஹஜ்ரத் என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, முதலில் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "குறை தெரிந்த பின் வண்டியை எங்கேனும் ஓட்டினீர்களா?"

ஆறுமுகநேரியிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வந்ததைச் சொன்னேன்.

அவர்கள் விளக்கியதன் சாரம் இது. நம் கடற்கரை ஊர்களின் மத்ரசாக்களில் ஓதப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலின்படி, ஷாஃபிஈ மத்ஹபில் குறையைக் கண்டவர் உடனே திருப்பியாக வேண்டும். உடனே என்றால் மூச்சு வாங்காமல் என்று பொருளன்று, வழக்கத்தில் உள்ளபடி. தொழுது கொண்டிருந்தால் தொழுது முடிக்கலாம். உண்டு கொண்டிருந்தால் உண்டு முடிக்கலாம். இரவில் அறிந்தால் விடியும் வரை பொறுக்கலாம். ஆனால் அதற்கிடையில் அந்தப் பொருளைப் பயன்படுத்தக் கூடாது. வாங்கிய பிராணியின் முதுகில் சேணத்தை இறக்காமல் விட்டு வைத்தாலே உரிமை போய்விடும் என்று எழுதியிருக்கிறார்கள்! இமாம் அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 676, அதாவது கி.பி. 1277. ஒருவர் சேணத்தை இறக்காமல் வைத்திருக்கிறார் என்றால், அதில் இன்னொரு முறை ஏறும் எண்ணம் அவருக்கு இருக்கிறது என்பது எத்துணை நுட்பமான கணிப்பு! என் சட்டைப் பையில் வண்டியின் சாவி கனத்தது.

"முரட்டுப் பிராணியைக் கையில் பிடித்து நடத்திச் செல்ல இயலாதெனில் அதன் மீது ஏறிச் செல்வதற்கு மன்னிப்பு உண்டு. உங்கள் வண்டிக்கு மூக்கணாங்கயிறு கட்டி இழுத்து வர முடியாதே! வீட்டில் சேர்க்கவும், விற்றவரிடம் சேர்க்கவும் ஓட்டுவதில் தவறில்லை என்பது என் கருத்து. ஆனால் சனிக்கிழமை தூத்துக்குடிக்கு ஓட்டினீர்களென்றால், குறையோடு ஏற்றுக் கொண்டதாகவே பொருள்" என்றார்கள்.

குறையுள்ள பொருளை வைத்துக் கொண்டு, குறைக்கு ஈடாகப் பணம் கேட்கலாமா என்று கேட்டேன். ஹன்பலி மத்ஹபில் வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு. நம் மத்ஹபிலும் ஹனஃபியிலும், திருப்பிக் கொடுக்க வழி இருக்கும்போது அது உரிமையன்று, நம் கையில் வந்த பின் புதிதாக வேறொரு குறை சேர்ந்து திருப்ப இயலாமற் போனால்தான் அந்தப் பேச்சு என்றார்கள். "உள்ளது உள்ளபடி" என்ற பொடி எழுத்தைப் பற்றியும் கேட்டேன். எல்லாக் குறைகளுக்கும் நான் பொறுப்பில்லை என்று விற்பவர் சொல்லி விற்றாலும், ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, பிராணிகளில் அவரே அறியாத உட்குறை ஒன்றுக்குத்தான் அது செல்லும், மற்றவற்றுக்குச் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லுபடியாகும். ஆகவே ஹனஃபி வாசகர்கள் பொடி எழுத்தைச் சற்றுப் பெரிதாகவே படித்துக் கொள்வது நலம். உடனடியாகத் திருப்ப வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்றாலும், குறை தெரிந்த பின் பயன்படுத்துவது ஒப்புதல் என்பது அங்கும் உண்டு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வளையல்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "திருப்பிக் கொடுத்தால் அவர் அதை என்ன செய்வார்?" என்று மட்டும் கேட்டாள்.

"வேறு யாருக்காவது விற்பார்."

"நம் பழைய வண்டியை வாங்கிக் கொண்டு போனாரே ஒருவர், அவர் அதை என்ன செய்திருப்பார்?"

அந்த இரவு நான் உறங்கவில்லை என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். சந்தையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட, விரல்களில் ஈரம் தட்டுப்பட்ட வரலாற்றை நாம் அனைவரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்பதுதான் அந்த வியாபாரியின் பதில். நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காமற் போனதற்காகவே கண்டிக்கப்பட்டார். நான் என் வண்டியை ஒளித்து விற்கவில்லை, வாங்கியவருக்கு அதன் நிலை தெரியும் என்று எனக்கு நானே வாதாடினேன். வாதம் சரியானதுதான். ஆனால் அந்த வியாபாரி அதை உலர்த்தி, மல்லிகை வாசம் ஏற்றி, என்னைப் போன்ற இன்னொருவனிடம் விற்பார் என்பது எனக்கு அன்றைக்கே தெரியாதா என்ன? 52,000 ரூபாய் கைக்கு வரும் நேரத்தில் தெரிந்து கொள்ள விரும்பாத விஷயங்கள் பல உண்டு.

இனி வாழ்க்கைக் கணக்கு. வண்டியை வைத்துக் கொண்டு முழுவதும் திருத்தினால் 4,10,000 ரூபாயில் வந்து நிற்கும்; அதற்கும் உத்தரவாதமில்லை. திருத்தாமல் ஓட்டினால், உயிர் காக்கும் பெட்டி செத்துக் கிடக்கும் வண்டியில் உம்மாவை வாரம் இருமுறை நெடுஞ்சாலையில் கொண்டு செல்ல வேண்டும். மழைக்காலத்தில் நடுவழியில் நின்றுவிட்டால், சுத்திகரிப்பு ஒருநாள் தவறினாலே மூச்சு வாங்கும் நோயாளியை வைத்துக் கொண்டு என்ன செய்வது? லாத்தாவின் கேள்விக்கு என்னிடமிருந்த பதில் இதுதான். அது அவர்களைச் சமாதானப்படுத்தும் பதிலன்று. முடிவு தெரிந்த பழுதாக இருந்திருந்தால், உதாரணமாகக் கிளட்ச் மட்டும் போயிருந்தால், விலையில் சற்றுக் குறைத்துக் கொண்டு வைத்திருப்பேன். மெக்கானிக் எழுதிக் கொடுக்க மறுக்கும் பழுதை நான் ஏன் எழுதி வாங்க வேண்டும்?

ஃபஜ்ருக்குப் பின், பள்ளிவாசல் முற்றத்தில் ஹஜ்ரத்தையும் என் மச்சானையும் சாட்சியாக வைத்து, இந்த வியாபாரத்தை முறித்துக் கொண்டேன் என்று சொன்னேன். அதையே எழுதிக் கையெழுத்திட்டு, சீட் பெல்ட், வண்டல், கனெக்டர் ஆகியவற்றின் படங்களுடன் வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதன் பிரதியைப் பதிவுத் தபாலிலும் சேர்த்தேன். நாட்டுச் சட்டமும் இதையேதான் கேட்கிறது. 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பொருளைப் பெற்றவர் நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் வைத்துக் கொண்டாலோ, தம் சொந்தப் பொருளாகவே நடத்தினாலோ ஏற்றுக் கொண்டதாகக் கருதப்படும். மறுத்ததைத் தெரிவித்துவிட்டால் போதும். வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமைகூட வாங்கியவருக்கு இல்லை. மின்ஹாஜில் சேணம், சட்டப் புத்தகத்தில் 42 ஆம் பிரிவு!

ஆயினும் வண்டியை என் வாசலில் வைத்திருக்க மனமில்லை. அன்று காலையே மச்சானுடன் திருநெல்வேலிக்கு ஓட்டிச் சென்றேன். ஓடிய கிலோமீட்டர் கணக்கைப் படமெடுத்து, சாவியை வியாபாரியின் மேசை மீது வைத்தேன். அவர் சாவியைத் தொடவில்லை. தாம் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது, தமக்கே தெரியாது என்றார். மூன்றாவது மாடிப் பார்க்கிங்கை மச்சான் நினைவூட்டினார். பிறகு ஒவ்வொன்றாக வந்தன: தம் பட்டறையில் இலவசமாகக் கனெக்டர்களைச் சுத்தம் செய்து தருவது, வைத்துக் கொண்டால் 40,000 ரூபாய் குறைப்பது, எடுத்துக் கொண்டால் ஐந்து நாள் ஓட்டியதற்கு வாடகையாக 10,000 ரூபாய் பிடித்துக் கொள்வது.

40,000 என்றபோது என் மனம் ஆடவில்லை என்று சொன்னால் பொய். வளையல்களில் ஒன்றேனும் திரும்பி வருமே என்று தோன்றியது. வாடகை என்றதும்தான் ஹஜ்ரத் சொல்லியனுப்பிய நபிமொழி நினைவுக்கு வந்தது. அடிமை முறை இருந்த அக்காலத்தில், ஒருவர் ஓர் அடிமையை வாங்கிச் சில காலம் வேலை வாங்கிய பின் குறை கண்டு திருப்பினார். அத்தனை நாள் வருவாய் எனக்குரியதல்லவா என்று விற்றவர் முறையிட்டார். இழப்பு ஏற்பட்டிருந்தால் எவர் தலையில் விழுந்திருக்குமோ அவருக்கே பயனும் உரியது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி. "அந்த ஐந்து நாளில் வண்டி எரிந்து போயிருந்தால் நட்டம் யாருக்கு?" என்று கேட்டேன். "உங்களுக்குத்தான்" என்றார் அவர், சற்றும் யோசிக்காமல். "அப்படியானால் ஓட்டமும் என்னுடையதுதான்" என்றேன். அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

எனினும் அவரை இளக்கியது நபிமொழி என்று நான் பெருமை பேசப் போவதில்லை. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கலாம் என்று மச்சான் நிதானமாக எடுத்துச் சொன்னதும் காரணமாயிருக்கலாம். உரிமை மாற்றப் படிவங்கள் அவருடைய மேசை அறையிலேயே இன்னும் தூங்கிக் கொண்டிருந்ததும் எங்களுக்கு வாய்ப்பாயிற்று. பதிவு மாறியிருந்தால் திரும்பவும் மாற்றும் அலைச்சல் சேர்ந்திருக்கும். 2,50,000 ரூபாய் அந்த வாரமே வந்தது. மீதி 65,000 ரூபாய் நாற்பது நாள் கழித்து, எட்டு முறை தொலைபேசியில் பேசிய பின் வந்தது. தரகருக்குக் கொடுத்த 6,000 ரூபாய் வரவில்லை.

வாங்கப் போகும் வாசகர்களுக்கு இடையில் ஒரு சொல். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். ஸ்டெப்னிக் குழியைத் தடவிப் பாருங்கள். இருக்கை போல்ட்டுகளைக் குனிந்து பாருங்கள். கண்ணாடிகளை அடைத்து ஏ.சி.யைப் போட்டுப் பத்து நிமிடம் உள்ளே அமர்ந்திருங்கள். முந்தைய காப்பீட்டுத் தாள்களைக் கேட்டு வாங்கி, உரிமைகோராச் சலுகை திடீரென்று எந்த ஆண்டில் பூஜ்யமாயிற்று என்று பாருங்கள். அதற்கு முந்தைய காப்பீட்டுக் காலத்தில் வண்டிக்கு ஏதேனும் நேர்ந்திருக்கக்கூடும். இவை எதற்கும் காசு செலவில்லை. வீட்டில் வயதான பெண்மணி ஒருவர் இருந்தால் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கடைசிப் பணத்தை வாங்கச் சென்ற அன்று, அதே வண்டி முன்வரிசையில் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. வாங்குபவரிடம் வெள்ளத்தில் நின்றது என்று சொல்வீர்களா என்று கேட்டேன். "சொன்னால் யார் வாங்குவார் பாய்?" என்றார். சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கலாமே என்றேன். மேசை மீதிருந்த பணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு வேறொருவருடன் பேசத் தொடங்கினார். நானும் எண்ணி எடுத்துக் கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பின், வாகனப் பதிவு விவரங்களைக் காட்டும் அரசுச் செயலியைக் கைப்பேசியில் திறந்து, எங்கள் பழைய வண்டியின் எண்ணை இட்டேன். எண் என் மனைவிக்குத்தான் நினைவிருந்தது. பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்றே இருவரும் எதிர்பார்த்தோம். அது வேறொரு மாவட்டத்தில், வேறொருவர் பெயருக்கு மாறியிருந்தது. தகுதிச் சான்று நடப்பில் இருந்தது. காப்பீடும் புதுப்பிக்கப்பட்டிருந்தது. உரிமையாளர் பெயரின் பெரும்பகுதி நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்பட்டு, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் தெரிந்தன. அந்த இரண்டு எழுத்துகளை வைத்துக் கொண்டு ஒரு மனிதரை எப்படித் தேடுவது என்று நாங்கள் பேசிக் கொண்டிருந்தோம். வாசலில் வாடகை வண்டி வந்து ஒலியெழுப்பிற்று. அன்று செவ்வாய்க்கிழமை.